கழித்துவிட்ட காற்று

நம்பச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். பட்டப்பகல், மணி 2:40. நான் குடித்திருக்கவில்லை. தூக்க மாத்திரையை விட்டும் இரண்டு மாதமாகியிருந்தது.

கேஸ் கீசர்களைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. ஒரே ஜன்னலுக்கும் கறுப்புத் திரை போட்ட இருட்டறையில் ஒரு பெரிய குழிக்கண்ணாடி, ஊசித்துளை அளவு விளக்கு, ஒரு சவர பிளேடு, கேமரா. சூடான காற்றைக் கடக்கும் ஒளி லேசாக வளையும். வளைந்ததைப் பிளேடு மறிக்கும். கண்ணுக்குத் தெரியாத சூடு திரையில் புகைபோல எழும்பும். எதையும் பற்றவைக்குமுன் ஒரு படம் எடுக்க வேண்டும். அதை பிளாங்க் என்போம். பிறகு எடுக்கும் படங்களிலிருந்து கம்ப்யூட்டர் அதைக் கழித்துவிடும். மிஞ்சுவது கீசரின் சூடு மட்டும்.

அப்படிச் சோதித்து, கழிவுக்காற்று முழுக்க மேலே போகிறது என்று நான் கையெழுத்துப் போட்ட மாடலைத்தான் வீட்டுக் குளியலறையிலும் மாட்டினேன். எட்டு மாதத்துக்கு முன்பு அதன் புகையில் மூச்சடைத்து என் மனைவி செத்தாள். 2:47க்கு எனக்குப் போன் செய்திருக்கிறாள். இருட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே பெட்டிக்குள் அடித்து ஓய்ந்திருக்கிறது.

"மாப்ளே, நீங்க கொண்டாந்து மாட்டுன சனியன்தானே எம் பொண்ண முழுங்குச்சு?" என்று மாமியார் கேட்டார்.

"ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் குளிச்சா கீசர் என்ன பண்ணும் அத்தை?"

விசாரணையிலும் அதையேதான் சொன்னேன். அதை நம்பித்தான் எட்டு மாதத்தை ஓட்டினேன்.

அன்று, அந்த 2:40க்கு, அதே மாடலுக்கு மறுசோதனை. ஆடிகளைத் துடைத்துச் சரிபார்க்கும் கண்ணாடியக்கா எட்டிப் பார்த்தாள்.

"வேற யாரையாவது பண்ணச் சொல்லேன். உனக்கென்ன தலையெழுத்தா?"

"கையெழுத்து என்னோடதுதானேக்கா."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அறைக் காற்று அடங்கும்வரை காத்திருந்தேன். 2:45க்கு பிளாங்க் எடுத்தேன். கீசரைப் பற்றவைக்கவில்லை. திரை வெறும் சாம்பல் நிறம்.

2:47.

கீசரின் உச்சியிலிருந்து சூடு எழும்பியது.

எழுந்துபோய்த் தொட்டேன். சில்லென்றிருந்தது. கேஸ் குழாயும் மூடித்தான் இருந்தது.

திரையில் சூடு மேலே ஏறி... முட்டி... மடங்கி... கீழே இறங்கியது. ஆள் முக உயரத்துக்கு.

அங்கே சின்னச் சின்னப் பொதியாகக் காற்று. வந்தது. நின்றது. வந்தது.

மூச்சு.

என் மூச்சு இல்லை. நான் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

வேகமாக... பிறகு மெதுவாக...

டொக்... டொக்...

கதவில். உள்பக்கத்திலிருந்து.

திரும்பினேன். யாரும் இல்லை.

டொக்.

2:51. மூச்சு நின்றது. திரை சாம்பல்.

கண்ணாடியக்கா பதிவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். "பழைய சோதனையைத் தெரியாமப் போட்டுட்டியா?" என்று கேட்டபடி, நான் கையெழுத்துப் போட்ட அந்தச் சோதனையின் கோப்பைத் திறந்தாள். கழித்த படங்கள் எல்லாம் சுத்தம். பிறகு பிளாங்கைத் திறந்தாள். அதை யாரும் தனியாகப் பார்த்ததில்லை. ஒன்றுமில்லாத படத்தை யார் பார்ப்பார்கள்?

"தம்பி... இதுல கீசர் எரியுதே."

அந்தப் பழைய சோதனை நாளில் அவசரம். முந்தைய சோதனை ஓட்டம் முடிந்ததும் கீசரை அணைக்காமல், சிறு தீயில் விட்டபடியே பிளாங்க் எடுத்திருக்கிறேன். மடங்கிக் கீழே இறங்கிய சூட்டை நானே கழித்துவிட்டேன். பெருந்தீயில் மேலே போனது மட்டும் மிஞ்சியது. அதற்குத்தான் கையெழுத்து.

வளைவுக்கு வளைவு, சற்றுமுன் பார்த்த அதே சூடு. மூச்சு மட்டும் அதில் இல்லை.

அந்த பழைய பிளாங்கின் அடியில், வழக்கம்போல, அறை நிலவரத்தை நானே குறித்திருந்தேன்.

ஜன்னல்: திறந்திருக்கிறது.