சுசீலா மேடமும் என் பயமும்

காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது. மேடத்தின் மனநல ஆலோசனை மையத்தில் வரவேற்பில் இருக்கும் பிந்து. "சாரே, நம்ம மேடம் போயி. ஹார்ட் அட்டாக். கரமனை வீட்டிலதான் வச்சிருக்கு. ரெண்டு மணிக்கு எடுக்கும். சார் வருமோ?" என்று அழுதாள். சுசீலா மேடத்தை அறிந்த நீங்கள் எல்லோரும் அந்தச் செய்தி கேட்டு முதலில் அழுதிருப்பீர்கள். எனக்கு முதலில் வந்தது பயம். ஐயோ, இனி அந்த உடலைப் போய்ப் பார்க்க வேண்டுமே என்று உள்ளங்கை வியர்த்தது. இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை.

எனக்குப் பிணம் என்றால் பயம். ஐம்பத்திரண்டு வயதில், அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருந்துகொண்டு, இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் அம்மா இறந்தபோது மூத்த மகன் என்று என்னை வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். குனிந்தேன். அம்மாவின் இமை அசைந்தது போலிருந்தது. ஈர வேட்டியோடு கொல்லைப்புறமாக ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். தம்பிதான் கொள்ளி வைத்தான். 'பெத்த தாய்க்கு அரிசி போடாதவன்' என்ற பெயர் எனக்கு நிலைத்தது. வேலை பார்த்த திருவனந்தபுரத்திலேயே வீடு பார்த்துத் தங்கிவிட்டேன். சாவு வீட்டுப் பந்தலைக் கண்டால் தெரு மாறிப் போனேன். பிறகு தூக்கமும் போயிற்று. மனைவிதான் என்னை மேடத்திடம் இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் கதவை ஒட்டிய நாற்காலியைக் காட்டினார். "கதவைப் பூட்டல்ல, கேட்டோ. முடியல்லேன்னா எழும்பிப் போங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்." அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து வெளியே போனேன். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோதெல்லாம், தண்ணீர் குடிக்கப் போய்வந்தவனிடம் பேசுவது போல, விட்ட இடத்திலிருந்து பேசினார்.

ஆறு மாதம் கழித்து அவரே ஒரு தவறு செய்தார். அவர் தெருவில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். "வாசல் வரைக்கும் போய்ப் பார்ப்போம், நானும் கூட வாறேன்" என்றார். ஊதுபத்தி வாசனை மூக்கில் ஏறியதுமே நான் ஆற்றுப் பக்கம் ஓட்டம் பிடித்தேன். பின்னாலேயே அவரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். படித்துறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "தப்பு என்மேலதான் சார். உங்களுக்கு நேரம் ஆகல்ல, நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிக்கணும்" என்றார். என் பயத்துக்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

அம்மாவின் சாவைப் பற்றி அவர் அதிகம் கேட்டதில்லை. ஒரு நாள், "படுக்கையில கிடந்த காலத்துல அம்மாவ யாரு பார்த்தா?" என்றார். நான்தான் என்றேன். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வந்துகொண்டு, இரண்டு வருஷம், குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி. "எத்தனை வாய் ஊட்டியிருப்பீங்க! அப்ப கை நடுங்கிச்சா?" இல்லை என்றேன். பிந்துவைக் கூப்பிட்டு இரண்டு சாயா சொன்னார்.

அவரும் பெரிய வீராங்கனை ஒன்றுமில்லை. சுவரில் பல்லி தெரிந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். நான் துடைப்பத்தால் விரட்டுவேன். "பயம் போயிரும்னு நான் யாருக்கும் வாக்கு கொடுத்ததில்ல சார். பாருங்க, எனக்கே போகல்ல" என்பார், மேலே நின்றபடியே.

போன் வந்த அன்று பன்னிரண்டு மணிக்குக் கரமனையில் இறங்கினேன். அவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். உள்ளே யாரோ வீறிட்டு அழுதார்கள். பஸ் நிறுத்தம் வரை திரும்பி நடந்தேன். இந்த முறை ஓடினால் பின்னாலேயே ஓடிவர அவர் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. அந்தப் பயம் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பிப் போய் உள்ளே நுழைந்தேன்.

மேடத்தின் அண்ணன், "வேண்டியவங்க எல்லாரும் அரிசி போடலாம்" என்றார். வரிசையில் நின்றேன். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. என் முறை வந்ததும் குனிந்து மேடத்தின் இமையைப் பார்த்தேன். அது அசைந்தது போலத்தான் இருந்தது. ஓடவில்லை. அரிசி பாதிக்கு மேல் பூமாலையில் சிந்தியது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார், வேண்டாம் என்று தலையசைத்தேன். மூன்று தடவை போடச் சொன்னார்கள். மூன்றாவது பிடியை அம்மாவை நினைத்துப் போட்டேன்.

அவர் எனக்குத் தைரியத்தைத் தரவில்லை, தருவதாகச் சொன்னதுமில்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும், காரியத்தைச் செய்யலாம் என்ற சம்மதத்தைத் தந்தார். அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் அம்மாவின் திதி. அன்று ஓடியதிலிருந்து நாகர்கோவில் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. இந்த வருஷம் வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது மேடம். போவேன்.