கீரை சுற்றும் டப்பா

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கேண்டீனில், கழுவிய கீரையை ஈரம் போகச் சுற்றுவதற்கென்றே ஒரு மிஷின் இருக்கிறது. தண்ணீர்க் குடம் உயரம் இருக்கும். பொத்தானை அமுக்கினால் போதும், தானே சுற்றும். புதிதாகச் சேரும் பையன்கள் அதைத் துணி பிழிகிற மிஷின் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பொதுவாகவே அதிகம் பேசுகிறவன் இல்லை நான். பச்சை இலையைக் கழுவியபின் எதற்காக உலர்த்த வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும், ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இதை நான் கற்றுக்கொண்டது ஐந்தாம் வகுப்பு அரையாண்டு லீவில், 1991 டிசம்பரில்.

அப்போது இந்தப் பக்கம் இத்தனை கம்பெனிகள் கிடையாது. வல்லக்கோட்டை போகும் சாலையில் ஒரு கம்பெனி புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மிஷின்களைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்து கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தார். அந்த கெஸ்ட் ஹவுசில் அம்மா சமையல் செய்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேயே வாட்ச்மேன். அப்பா கல் குவாரியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த மழைக்காலத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து அவளுடைய வலது தோள் சரியில்லை. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. எதையும் இழுக்க முடியாது. இது எனக்கும் மாமாவுக்கும் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் வேற ஆள் போட்டுவிடுவார். "வேற ஆள் போட்டுடுவாங்க" என்பது எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கேட்ட பேச்சு. அப்பா இருமலுக்கு நடுவே சொல்வார், அம்மா தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்வாள். லீவு விட்டதும் நானும் அவளோடு போக ஆரம்பித்தேன். வீட்டில் பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தாள். தண்ணீர் இறைப்பது, குண்டான் இறக்குவது, ஆட்டுக்கல்லில் அரைப்பது எல்லாம் நான்தான்.

ஒருநாள் காலையில் மேனேஜர் சமையற்கட்டு வாசலில் நின்று சொன்னார். அவர் மெட்ராஸ்காரர், எப்போதும் அவசரம்.

"இஞ்சினியருக்கு ராத்திரி சாலட் வேணுமாம்மா. ரெடியா வச்சிடு."

அம்மா சரி என்று தலையாட்டினாள். அவர் போனதும் மாமா உள்ளே வந்தார்.

"யக்கா, தொரைக்கு எதுக்கு சல்லடை?"

"யாருக்குத் தெரியும்? மாவு சலிக்கப் போறாரோ இன்னாவோ. கேட்டா குடுக்க வேண்டியதுதான்."

எந்தச் சல்லடை என்று கேட்காமல் விட்டோமே என்பதுதான் அவளுக்குக் கவலை. எதற்கும் இருக்கட்டும் என்று மாவுச் சல்லடை, ரவைச் சல்லடை இரண்டையும் தேய்த்துக் கழுவி, சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரவைச் சல்லடையை எடுத்துக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். மெட்ராசிலிருந்து கம்பெனி டிரைவர் வாங்கி வந்த ஒரு கீரை ஈரக் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. முட்டைக்கோஸ்தான் உருண்டு திரளாமல் கெட்டுப்போய்விட்டது என்று அம்மா அதை ஒதுக்கி வைத்திருந்தாள். அவர் அதைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, சல்லடையில் போட்டு, சுவரெல்லாம் தண்ணீர் தெறிக்கக் குலுக்கினார். கத்தியைத் தொடவில்லை. கையாலேயே கிழித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் எண்ணெயும் விட்டு, நின்றபடியே தின்றார்.

"நம்ம வூட்டு ஆடுகூட ஒக்காந்து மெல்லும்க்கா" என்றார் மாமா.

தின்று முடித்தவர் கிண்ணத்தின் அடியைச் சாய்த்து அம்மாவிடம் காட்டினார். எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக நின்றது. விரலை ஆட்டி, கூடாது என்றார். ஈரம் கூடாது என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் மாமா அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கழுவிய கீரையைத் தன் துண்டில் மூட்டை கட்டி, கொல்லைப்புறத்தில் நின்று தலைக்கு மேல் சுழற்றினார். சாரல் அடித்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கீரை மொத்தமும் பறந்து போய், அப்போதுதான் வந்து நின்ற மேனேஜரின் ஸ்கூட்டர்மேல் விழுந்தது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் கைதட்டினார். அந்தக் கைதட்டலால் மாமாவின் வேலை தப்பியது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மேனேஜர் டிரைவரை பர்மா பஜாருக்கு அனுப்பினார். டிரைவர் இரண்டு டப்பா கொண்டு வந்தார். இரண்டுமே பிளாஸ்டிக். வெளியே ஒரு பாத்திரம், உள்ளே சுற்றுகிற ஒரு கூடை, மேலே மூடி. ஒன்றில் மூடியிலிருந்து கயிறு தொங்கியது. இழுத்து இழுத்து விட வேண்டும். இன்னொன்றில் சுற்றுவதற்குக் கைப்பிடி.

"ஒண்ண வச்சிகினு ஒண்ண குடுத்துடுக்கா. கடைக்காரன் திருப்பி எடுத்துக்கறேன்னான்" என்றார் டிரைவர்.

மாமாவுக்குக் கயிறு வைத்ததுதான் பிடித்தது. "தோ பார், ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ற மாரியே கீது" என்று நாலு தரம் இழுத்துப் பார்த்தார். அம்மா கைப்பிடி வைத்ததை எடுத்தாள்.

"ஈரக் கையால இழுத்து இழுத்து கயிறு நைஞ்சிடும். அறுந்தா இந்த ஊர்ல யாரு மாட்டித் தருவா?"

அவள் சொன்ன காரணம் நியாயமானதுதான். கயிற்றை இழுக்க முழங்கை பின்னால் போக வேண்டும், அவளுக்கு அது போகாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கைப்பிடியும் அவள் நினைத்த மாதிரி இல்லை. இடது கையால் மூடியை அமுக்கிக்கொண்டு வலது கையால் சுற்ற வேண்டும். மாற்றிப் பிடித்தால் மூடியை அமுக்க வலது கையில் வலு இல்லை. கடப்பைக்கல் மேடையில் டப்பா வழுக்கிக்கொண்டு ஓடியது. அடியில் ஈரத்துணி போட்டாள். நின்றது. இரண்டு சுற்றிலேயே உதட்டைக் கடித்துக்கொண்டு, "நீ சுத்து கண்ணு" என்று நகர்ந்துவிட்டாள்.

எனக்கு அது ராட்டினம் மாதிரி இருந்தது. கூடையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் இலை நசுங்கும். மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடிக்க வேண்டும். நிறுத்தி, அடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, இலையைப் புரட்டிவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் எதையும் நான் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறவன் நான்.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்களுக்கும் அது பண்டிகைதான். ஆனால் அன்று மத்தியானம் வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரி கெஸ்ட் ஹவுசுக்குச் சாப்பிட வருகிறார் என்றார்கள். அம்மா சர்ச் பூசைக்குப் போகவில்லை. பழைய புடவையோடு விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பினாள். நானும் கூடவே போனேன்.

மேனேஜர் அன்று சமையற்கட்டை விட்டு நகரவே இல்லை. நான் டப்பாவை எடுத்து வைத்ததும், "அவன்கிட்ட குடுக்காதே. ஃபாரின் சாமான், உடைச்சிடுவான். நீயே சுத்தும்மா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். மாமா வாசலில் நின்று பார்த்தார். அம்மா மூடியை அமுக்கி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று. அடுத்தது பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தில் வேர்த்திருந்தது. கையை எடுக்கவும் இல்லை, சுற்றவும் இல்லை. மேனேஜர் முன்னால் ஒருநாளும் தலை நிமிராத நான் போய் அவள் கையை விலக்கிவிட்டுச் சுற்றினேன். நிறுத்தினேன், தண்ணீரைக் கொட்டினேன், புரட்டினேன், மறுபடியும் சுற்றினேன்.

மேனேஜர் ஒரு இலையை எடுத்துத் தன் கைக்குட்டையில் ஒற்றிப் பார்த்தார். ஈரம் படவில்லை.

"பரவாயில்லையே" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "கைல என்ன?"

"சுளுக்கு சார்" என்றார் மாமா. "ரெண்டு நாள்ல செரியாப் பூடும்."

"நான் உன்னைக் கேக்கலை. எத்தனை நாளாம்மா?"

அம்மா வலது கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், அவசரக்காரர், அவ்வளவுதான்.

"சரி. சமையல் நீயே பாரு. உன் ருசி அவங்களுக்குப் பழகிடுச்சு. சுத்துறது, தூக்குறது எல்லாம் இவன் பார்க்கட்டும். ஸ்கூல் போறானா?"

"நியூ இயர் முடிஞ்சி தொறக்கறாங்க சார். அஞ்சாவது" என்றாள் அம்மா.

"ஓ" என்றவர் என் பக்கம் குனிந்தார். "டேய், கை வலிக்குதா? வலிச்சா சொல்லு. சுத்த, தூக்க வேற ஆள் போட்டுடறேன்."

அந்த மாதம் முழுக்க வீட்டில் பயந்துகொண்டிருந்த அதே வார்த்தையை அவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அம்மா என் முதுகில் லேசாக விரலை வைத்தாள். சரியாகப் பதில் சொல் என்கிறாள் என்று நினைத்தேன்.

"வலிக்கல சார்" என்றேன். அவர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. வேண்டியதற்கு மேல் சத்தமாகவே வந்தது.

"சமர்த்து. அப்போ இவனே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சாப்பாட்டு அறைக்குப் போனார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனார். அம்மா இலைகளைக் கிண்ணத்தில் அடுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வடக்குப்பட்டுக்கு நடந்தோம். புதுத்துணி போட்ட பிள்ளைகள் எதிரே வந்தார்கள். அவர்கள் கூப்பிட்டும் நான் நிற்கவில்லை. அம்மாவின் வேலையைக் காப்பாற்றிவிட்டு வருகிறவன் தெருவில் நின்று விளையாடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

பாதி வழியில் அம்மா கேட்டாள். "கை வலிக்குதான்னு கேட்டார் இல்ல, ஆமான்னு சொல்றதுக்கு இன்னாடா கண்ணு?"

"நெஜமாவே வலிக்கலம்மா."

"தெரியும்" என்றாள்.

அவள் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் பயப்படுகிறாள்போல என்று நினைத்தேன். அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறந்தாலும் நான் தினமும் வந்து சுற்றுவேன், நீ கவலைப்படாதே என்று வழி நெடுகத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன்.