சீனியம்மாள் உரித்துவைத்த நான்கு பலகைகள்

சீனியம்மாள் இறந்துவிட்டதாக அவர் கணவர் சண்முகம் போனில் சொன்னபோது நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வர வழக்கம்போலப் பரளச்சியில் பஸ் ஏறியிருக்கிறார் சீனியம்மாள். டவுனுக்கு வருவதற்குள் நெஞ்சு வலித்து எல்லாம் முடிந்துவிட்டது. "வந்துருப்பா, அவ போயிட்டா" என்றார் சண்முகம். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இறந்தவரைப் பற்றி இனிமையாக எழுத வேண்டுமாம். சீனியக்காவுக்குப் பெயரில் மட்டும்தான் சீனி. எதைப் பார்த்தாலும் முகம் சுளிப்பார். அவரோடு கூட்டாகக் கடை நடத்திய எனக்கும், அச்சுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கும் இது தெரியாதா என்ன? நம் அச்சுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "அன்பே உருவானவர்" என்று நீங்கள் போட்டதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுடையது பனியனிலும் துணிப்பையிலும் படம் அச்சடிக்கும் கடை. துணியை விரிக்கும் அலுமினியப் பலகையின் மேல் ரப்பர் ஷீட் ஒட்டியிருக்கும். துணி நகராமலிருக்கத் தடவும் பசை, நூல் பிசிறு, சிந்திய மை, யாரோ ஒருவரின் தலைமுடி எல்லாம் நாளாக ஆக அந்த ரப்பரில் அடையடையாக அப்பிக்கொள்ளும். மை துடைக்கிற தின்னர் பட்டு ஓரம் உப்பும், நடுவில் குழி விழும். குழி விழுந்த இடத்தில் அச்சு விழாது. அக்கா காலையில் வந்ததும் பலகையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். "சீ, குமட்டுதுப்பா" என்றால் அன்றைக்கு அச்சு கிடையாது, ரப்பர் மாற்றும் வேலைதான். ஒட்டிய பசை காயும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

பழைய ரப்பரை உரிக்காமல் அதன் மேலேயே புது ரப்பரை ஒட்டிவிடுவது இங்கே பல கடைகளில் நடக்கிறது. ஷீட் விற்க வந்த ஒருவர் அக்காவுக்கும் அந்த யோசனையைச் சொன்னார். "ஏம்ப்பா, நேத்துத் தின்ன எச்சி இலையிலயே இன்னைக்கும் சோத்தப் போட்டா திம்பியா?" என்று கேட்டார் அக்கா. அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. ரப்பர் வாங்க நான் மதுரைக்கு அலைந்தேன்.

பாலவனத்தத்துக் கபடிக்காரர்களின் பனியன் விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். பலகை எல்லாம் உரித்துக் கிடந்த நேரத்தில் அவர்களுடைய தலைவர் வெள்ளைச் சட்டையோடு வந்து, இன்னும் அடிக்கவில்லையா என்று சத்தம் போட்டார். அக்கா அவர் கையில் சுரண்டுகிற தகட்டைக் கொடுத்து, "இந்தா, நீயும் சுரண்டு, வெரசா முடியும்" என்றார். பாவம், அவரும் கொஞ்ச நேரம் சுரண்டினார். அத்தோடு அந்த ஆர்டர் போயிற்று. "அக்கா, உன் வாயே நம்ம கடைய மூடிரும்" என்று கத்தினேன். "மூடட்டும்ல. நாறிக்கிட்டுத் தொறந்து கெடக்கதுக்கு மூடியே கெடக்கட்டும்" என்றார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இறப்பதற்கு முந்தின நாளும் ரப்பர் மாற்றும் வேலையைத்தான் தொடங்கியிருந்தார். எட்டுப் பலகையில் நான்கை உரித்துப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, "மிச்சத்த நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று போனார். அதன் பிறகு கடையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் மத்தியானம் அக்காவின் அண்ணன் மகன் உங்களில் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்து கடையைத் திறக்கச் சொன்னான். விருந்துக்கு வருகிறவர்களுக்கு அத்தையின் படம் போட்ட துணிப்பை கொடுக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான். பலகைகளைச் சரிசெய்யாமல் அடிக்க முடியாது என்றேன். "அதான் உரிக்காத நாலு பலகை இருக்குல்லண்ணே, அதுல அடிப்போம்" என்றான். நான் மாட்டேன் என்றதும் நீங்களே பையை விரித்து, கையோடு கொண்டுவந்த படச் சட்டத்தை வைத்து மையை இழுத்தீர்கள்.

முதல் பை வந்தது. அக்காவின் இடது கன்னத்தில் மையே இல்லை, ஒரு வெள்ளைப் பள்ளம். உதடு இழுபட்டிருந்தது. நெற்றியில் ஈர மையோடு எவனுடைய முடியோ ஒட்டியிருந்தது. "யாருண்ணே உத்துப் பாக்கப் போறா? கத்தரிக்கா வாங்கப் போற பைதான" என்றான் அந்தப் பையன். நீங்கள் தலையாட்டினீர்கள். தொழில் தெரிந்தவர்கள் ஐயா நீங்கள்!

சண்முகம் வாசலில் நின்றிருந்தார். மல்லியும் கம்பும் விதைக்கிற மனிதர், கடைக்குள் வந்ததே இல்லை. உள்ளே வந்து பையை வாங்கி அந்த முடியைப் பெருவிரலால் எடுத்தார். மை இன்னும் கலைந்தது.

"அவ இருந்தா இத என்ன செய்வா?"

"கிழிச்சுப் போட்ருப்பாக அண்ணே" என்றேன்.

பையை இரண்டாகக் கிழித்தார். "இத எப்படிச் சொரண்டணும்னு சொல்லு" என்று தகட்டை எடுத்துக்கொண்டார். "மாமா, ஊரு என்ன பேசும்?" என்றான் பையன். சண்முகம் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனீர்கள். நான்கையும் சுரண்டி முடிக்கவே இரவாகிவிட்டது; புது ரப்பர் ஒட்டிப் பசை காய்ந்து பை அடிக்க நேரமில்லை.

மறுநாள் பரளச்சியில் பந்தல் வாசலில் நின்று, சாப்பிட்டுவிட்டுப் போன ஒவ்வொருவரிடமும் சண்முகம் கைகூப்பிச் சொன்னார்: "பை குடுக்கலாம்னு இருந்தோம். நல்லா வரல. அதான் குடுக்கல." செத்தவளுக்குச் செய்ய வேண்டியதை நான் கெடுத்துவிட்டதாக உங்களில் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருங்கள்.

கடையில் எட்டுப் பலகையிலும் இப்போது புது ரப்பர். நேற்றுக் காலை ஒன்றைத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, லேசாக உப்பியிருந்தது. யாரும் சொல்லவில்லை, எனக்கே குமட்டியது. அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் குமட்டல்தான். இது என்னை விட்டுப் போய்விடக் கூடாது.