மோருக்கு முன்னால் எழுந்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை ராயகிரியிலிருந்து பதினோரு பேர் என் முழங்காலைப் பார்க்க வந்தார்கள்.

பெண் பார்க்க வருவார்கள், சரி. பெண்ணின் அப்பாவுடைய முழங்காலையுமா?

ஐப்பசியில் மகளுக்கு வரன் பேசி முடித்து, பிள்ளை வீட்டில் கை நனைக்கப் போனோம். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். சிக்கல் எழுந்திருப்பதில். வலது கை எச்சில், ஊன்ற முடியாது. முழங்கால்களோ 'எங்களுக்கென்ன' என்று இருந்துவிட்டன. இடது கையைத் தரையில் ஊன்றினேன்... தரை என்று நான் நினைத்தது மாப்பிள்ளையின் அப்பாவுடைய இலை. பாயசப் பகுதி.

இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. ஒங்க வம்சத்துல யாருக்கும் வாதம் உண்டுமான்னு கேக்காவ."

"வாதமா? எனக்கா?"

"நாளைக்கு ஒங்க பொண்ணுக்கும் வந்திருமோன்னு பயப்படுதாவ. தை பொறந்ததும் இங்கன சாப்பிட வாராவளாம். ஒங்களப் பாத்துட்டுத்தான் முடிவாம்."

மகள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எப்பா, எனக்கு அவங்களப் பிடிச்சிருக்கு. நீங்க ஒழுங்கா எந்திரிச்சே ஆகணும்" என்றாள்.

உடற்பயிற்சியைப் பற்றி நான் நிறையப் படித்தவன். எல்லாம் படுத்துக்கொண்டே படித்தது. ஆகவே, கோச் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் — எங்கள் தெருவின் குண்டுகுழியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வருபவள்.

"காலக் குத்தம் சொல்லாதீங்க. வயித்துலதான் பலமில்ல. எக்கிப் பிடிச்சிக்கிட்டு எந்திரிங்க, பாப்போம்."

எக்கினேன். எழவில்லை.

ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்க வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் பல்லைவிடச் சுவரைத்தான் அதிகம் பிடித்தேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன வே, நம்ம கோயில் அம்மனே ஆடித் தவசுக்குத்தான் ஒத்தக்கால்ல நிப்பா. நீரு மார்கழியிலேயே ஆரம்பிச்சிட்டீரு?"

கை படாமல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். பிறகு முக்காலி. பிறகு மணைப்பலகை. கடைசியில் வெறும் தரை! இடையில் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலே டிக்கெட் வாங்கினேன். செருப்பை நின்றபடியே மாட்டினேன்.

நடப்பதும் எழுவதும் காலின் வேலை என்று நினைத்திருந்தேன். கால் வெறும் சிப்பந்தி. அதிகாரி இருப்பது வயிற்றில். என் அதிகாரி இருபது வருடமாக லீவில் இருந்திருக்கிறார்!

போன ஞாயிறு, பந்தி. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அப்பா. சாப்பாட்டை யார் பார்த்தார்கள்? ரசம் முடிந்தது. வயிற்றை எக்கினேன். கைகளை மார்போடு சேர்த்தேன். எழுந்தேன் — ஆடாமல், அசையாமல், கொடிமரம் மாதிரி.



மனைவி வாளியோடு நின்றாள். "என்னங்க... இன்னும் மோரு ஊத்தலயே!"

பந்தி பாதியில் பெண்ணின் அப்பா எழுந்தால் நம் பக்கம் என்ன அர்த்தம்? கோபித்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். பதினோரு கைகள் இலையிலேயே நின்றுவிட்டன. அடுக்களை வாசலில் மகள் முகம் வெளுத்தது.

விளக்கம் சொன்னால் வினை வளரும். அப்படியே உட்கார்ந்தேன். மோர்ச்சோறு சாப்பிட்டேன். அப்பளம் ஒன்று கேட்டு வாங்கினேன். எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி எழுந்தேன். கை இரண்டும் அந்தரத்தில்!

மாப்பிள்ளையின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தரகர் பக்கம் திரும்பினார்.

"வாதமாம்லா, வாதம்! ஒரே பந்தியில ரெண்டு தடவ எந்திரிக்காரு மனுசன். வைகாசியில நாள் பாரும் வே!"

மூன்றாவது தடவையும் எழுந்திருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.