மதினி சொன்ன விமர்சனம்

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்களை எனக்கு ஒரு காலத்தில் ரொம்பப் பிடிக்கும். அவர்கள் போடும் வீடியோவைப் பார்க்காமல் நான் எந்தப் படத்துக்கும் டிக்கெட் எடுத்ததில்லை. இப்போது அந்த மைக்கைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் முன்னால் யாராவது நீட்டினால் பிடுங்கி ரோட்டில் வீசிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது என் வேலை. பகலெல்லாம் சிங்கம், மயில், பல்லைக் காட்டிச் சிரிக்கிற குழந்தை. மிச்ச நேரமெல்லாம் சினிமா. போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், புனைபெயரில். புதுப்படம் வந்தால் அதில் எழுதுவேன். ஒரு படத்தின் இடைவேளைக் காட்சி சரியா தப்பா என்று முகம் தெரியாத ஒருவரோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவள் நான். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும், நான் பதில் தட்டிக்கொண்டிருப்பேன். இனி நான் திட்டப்போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டியில், அதாவது புஸ்வாணத்தில், வெடிமருந்து அடைக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் வேலை. லோடு ஏற்றி இறக்கி அண்ணனுக்கு முதுகு போன பிறகு, வீடு மதினியின் கையில்தான் ஓடுகிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தீபாவளிக்கு முந்தைய சீசனில் ஒரு நாள் வேலை போனாலும், வேலையே இல்லாத மழைக்காலத்தில் அதன் வலி தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய நடிகர் ஒருவர் பட்டாசுத் தொழிலாளியாக நடித்த படம் வந்தது. எங்கள் ஊரைப் பற்றிய படம் என்று ஊரே குதித்தது. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மதினியை இழுத்துக்கொண்டு போனேன். தினமும் பார்க்கிற கம்பெனியைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்று வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

உள்ளே உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டார். கதாநாயகி கை நிறைய வளையலோடு மருந்து அறைக்குள் நுழைந்தபோது மதினி வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த நாலைந்து பெண்களும் சிரித்தார்கள். வளையல், கொலுசு, நைலான் சேலை எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது. ஒரு சின்ன உரசல் போதும். எங்கள் ஊர்ப் போர்மேன் அந்தக் கதாநாயகியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் வெடிவிபத்துக் காட்சி வந்தபோது மதினி தலையைக் குனிந்துகொண்டார். நாயகன் நெருப்பைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தான், தியேட்டர் முழுக்க விசில். காட்சி முடிகிற வரைக்கும் மதினி என் கையை விடவில்லை.

வெளியே வந்தால் மைக். இரண்டு பேர், ஒரு கேமரா. நான் பேசத் தயாராக முடியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவர்கள் என்னை விட்டுவிட்டு மதினியிடம் நீட்டினார்கள். மதினி துளிக்கூடத் தயங்கவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலையத் தப்பாக் காட்டிட்டாக. ரூமுக்கு நாலே பேரு, அம்புட்டுத் தள்ளித் தள்ளி ஒக்காந்திருக்காக. அப்படி ஒக்காந்தா ஆர்டரு எப்ப முடியும்? சீசன் நேரத்துல நாங்க எட்டுப் பேரு ஒக்காருவோம். எடம் பத்தலைன்னா மரத்தடியிலயும் ஒக்காருவோம். எடுத்தவுக ஒரு நாளு வந்து பாத்திருக்கலாம்."

ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. எத்தனை பேர் என்று அறைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். சுவரில் இருப்பதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், உள்ளே இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். மதினி யாரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. கம்பெனி மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. வேலையைப் படத்தில் சரியாகக் காட்டவில்லையே என்று, வேலை தெரிந்தவர் சொன்ன குறை அது. பக்கத்தில் நின்ற நானாவது சுதாரித்திருக்க வேண்டும். நான் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அது விதிமீறல் என்பதே நினைவில் இல்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய மறதி இது.

மறுநாள் அச்சகத்தில் கூட வேலை பார்க்கிறவள் போனை நீட்டினாள். மதினியின் முகம். "படம் நல்லாத்தான் இருக்கு" என்பதை வெட்டிவிட்டார்கள். "தப்பாக் காட்டிட்டாக" என்று தொடங்கி "எட்டுப் பேரு" என்பதில் வந்து நின்றது. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் மூன்று தடவை திருப்பித் திருப்பி ஓட்டி, பின்னால் மேளச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது மீம் ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பிதுங்கி வழிகிற கூட்டத்தின் மேல் மதினியின் முகம், விடுதி அறை மேல் மதினியின் முகம். ஷேர் ஆட்டோப் படத்தைக் காட்டியபோது மதினியே சிரித்தார். அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அடுத்து நடிகரின் ரசிகர்கள் வந்தார்கள். எதிர்த்தரப்பு நடிகரின் ஆட்கள் காசு கொடுத்துப் பேசவைத்த பொம்பளை என்றார்கள். துணை நடிகை என்றார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் சேலை இவ்வளவு சுத்தமாகவா இருக்கும் என்று ஒருவர் துப்பறிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு வருகிறவள் மருந்து அப்பிய சேலையோடா வருவாள்? எதிர்த்தரப்பு ரசிகர்களோ மதினியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்த நடிகரின் படம் எதையும் மதினி பார்த்ததுகூடக் கிடையாது. இரண்டு தரப்பும் மதினியின் முகத்தை வைத்து ஒருவர் தாயை ஒருவர் வைதுகொண்டார்கள்.

அவர்களையாவது மன்னித்துவிடலாம். சென்னையிலிருந்து ஒரு விமர்சகர், முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகம், இருபது நிமிடம் நிதானமாகப் பேசினார். இயக்குநர் ஒரு வருடம் இந்தப் பகுதியில் தங்கி ஆய்வு செய்தாராம். அறைக்கு நாலு பேர் என்பதுதான் விதியாம், படம் அதை அச்சுப் பிசகாமல் காட்டியிருக்கிறதாம். இது தெரியாமல் ஒரு தொழிலாளியே பேசுவது, தொழிலாளர்களிடம் விழிப்புணர்வு இல்லை என்பதைக் காட்டுகிறதாம். சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துப் படம் எடுத்தவர் ஆய்வு செய்தவர், சுவருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவள் விவரம் இல்லாதவள்.

அந்த வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அதன் கீழே இருந்த கருத்துகளை நான் உட்கார்ந்து படித்தேன், கண் எரிகிற வரைக்கும் படித்தேன். படம் சரியா தப்பா என்று கேட்டார்கள். அவள் யார் ஆள் என்று கேட்டார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் மருந்தோடு உட்காருவது உண்மையா, ஏன் உட்காருகிறார்கள், ஒரு பொறி விழுந்தால் அந்த எட்டுப் பேரும் எந்த வாசல் வழியாக ஓடுவார்கள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மதினி அவ்வளவு பெரிய விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார், இவர்கள் காதில் சினிமா மட்டும்தான் விழுந்தது.

கோபத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. இவர் துணை நடிகை இல்லை, என் அண்ணன் மனைவி, இந்தக் கையைப் பாருங்கள் என்று நீளமாக எழுதினேன். கூடவே ஒரு போட்டோ போட்டேன். முந்தின வருடம் எடுத்தது. கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய மதினி, அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னுகிற இரண்டு கையையும் காட்டிச் சிரிக்கிறார். பின்னால் வண்டியின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயர். லேபிளில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவள் நான். என் கண்ணில் அந்தப் பெரிய எழுத்து படவே இல்லை. பதிவு பரவியது. சந்தோஷத்தில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை கம்பெனி வண்டி வந்தது, மதினியை ஏற்றவில்லை. அவர் இருந்த அறையையே முதலாளி பூட்டச் சொல்லிவிட்டார். சோதனைக்கு யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். மதினியோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் வேலை இல்லை, அதுவும் சீசன் உச்சத்தில். மற்ற ஏழு பேரும் எங்கள் தெருக்காரர்கள், அடுத்த தெருக்காரர்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மதினி போய் நின்றதும் பேச்சை நிறுத்தினார்கள். சினிமா பார்க்கப் போனவளுக்கு வாய் எதுக்கு என்று ஒருத்தி மதினியின் காதுபடவே சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் வீட்டிலும் உலை வைக்க வேண்டும்.

மதினி என்னை வைவார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் எதத் தப்பாச் சொன்னேன் தாயி?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்மேன் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணனிடம் முதுகைப் பற்றி விசாரித்தார், காப்பி குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, பேச்சு கெளம்புனது அவுக வாயால, அடங்குறதும் அவுக வாயாலயே அடங்கட்டும் என்றார். இன்னொரு வீடியோ எடுக்க வேண்டும். அறைக்கு நாலு பேர்தான், படத்தில் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள், அன்றைக்குக் கேமராவைப் பார்த்த பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று மதினி சொல்ல வேண்டும். கம்பெனிப் பெயர் வெளியே வந்த அதே என் பக்கத்தில் அதைப் போட வேண்டும். அது நாலு பேர் கண்ணில் பட்டால், திங்கட்கிழமை எட்டுப் பேரையும் ஏற்றிக்கொள்வார்கள்.

முடியாது என்று நான் குதித்தேன். பொய் சொல்லச் சொல்கிறீர்களே, நாளைக்கு அந்த அறையில் ஏதாவது ஆனால் இந்த வீடியோவைத்தானே எல்லாரும் காட்டுவார்கள் என்று கத்தினேன். போர்மேன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி எழுந்து முகத்தைக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எடு என்றார்.

முதல் தடவை முகம் செத்துப்போய் இருந்தது. இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார் போர்மேன். இரண்டாவது தடவை நடுவில் இருமல் வந்துவிட்டது. அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"போனப் பாத்துப் பேசுங்க மதினி. லேசாச் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லாருக்கும்."

மூன்றாவது தடவை சரியாக வந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன், தொடக்கத்தில் இருந்த பெருமூச்சை வெட்டினேன், தலைப்பு வைத்து நானே ஏற்றினேன். எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் அதில் இருந்தது.

ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். துணை நடிகை என்று எழுதியவர் "அம்மா நல்லவங்க" என்று இதயம் போட்டார். எதிர்த்தரப்பு ரசிகர்கள் மதினி விலைபோய்விட்டதாகச் சொல்லி வைதார்கள். சென்னை விமர்சகர் இன்னொரு வீடியோ போட்டார். ஒரு நல்ல படம் தொழிலாளர்களிடையே விழிப்புணர்வை உண்டாக்கும் என்பதற்கு இந்த அம்மாவே சாட்சி என்றார். சினிமாவின் வலிமையைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசினார். நான் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். அதற்கு மேல் எறிய முடியாது, போன் கடனில் வாங்கியது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. எட்டுப் பேரும் ஏறினார்கள், பூட்டியிருந்த அதே அறைக்கு. தண்ணீர்க் குழாயடியில் வைதவள் மதினிக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள்.

தீபாவளி போய், அந்தப் படத்தை ஊரே மறந்துவிட்டது. அடுத்த படம் வந்து, அதற்கு அடுத்த சண்டையும் வந்துவிட்டது. ஒரு நாள் மதினி வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டாவது வீடியோவை அழித்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். பக்கத்தைத் திறக்கிறபோதெல்லாம் அது கண்ணில் படுகிறது, எழுதவே பிடிக்கவில்லை என்றேன். மதினி கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அழிச்சிராத. பழைய வீடியோவ யாராச்சும் தோண்டி எடுத்துட்டு வந்தா, மொதலாளிக்குக் காட்ட எனக்கு அது ஒண்ணுதான இருக்கு. நாங்க எட்டுப் பேரும் இப்ப அது மேலதான் ஒக்காந்திருக்கோம்."

அழிக்கவில்லை. நேற்றுகூட யாரோ ஒருவர் அதற்குக் கீழே கைகூப்பி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லியிருந்தார்.