கொசுப்புழுவும் ஒரு வாளித் தண்ணீரும்

அந்தப் பகுதியில் 'வடிகட்டி' என்றால்தான் அவரைத் தெரியும். அடுக்குமாடி வீடுகளின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுகிறவர். பழைய தண்ணீரை வெளியே திறந்துவிடுவதற்கு முன் வெள்ளைத் துணியால் துழாவி, நெளிகிற கொசுப்புழுக்களை வாளியில் சேர்த்துக்கொள்வார். சமணக் குடும்பத்துப் பிள்ளை. குடிநீரை வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை, தண்ணீர் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிற வீடு. தொட்டியில் திரும்ப விட்டால் குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதனால் வாளி பூங்காக் குளத்துக்குப் போகும். கவிழ்த்த கையோடு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

ஒருநாள் மனைவியும் கூடப் போனாள். பௌத்தக் குடும்பத்துப் பெண். தையல் கடையில் வேலை. அவள் குளக்கரையிலேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். இத்தனை வருஷமா மீனுக்கு விருந்தா வெச்சீங்க?"

அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். மீன்கள் மொய்த்த இடத்தில் ஒரு நெளிவுகூட மிச்சமில்லை.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"காப்பாத்தணும்னுதானே கொண்டுபோனீங்க? மனசுல கெட்டது இல்லையே. எங்க வீட்ல அதைத்தான் பாப்பாங்க."

"என் மனசு நல்லா இருந்து புழுவுக்கு என்ன ஆச்சு? செத்தது செத்ததுதான். இந்த வேலையே வேணாம், விட்டுடறேன்."

"விடுங்க. அடுத்து வர்றவன் மருந்தைக் கொட்டுவான். அப்ப மட்டும் தூக்கம் வந்துடுமா?"

அவர் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். அவளே கேட்டாள்: "ஆமா, மூடி போட்ட தொட்டிக்குள்ள கொசு எப்படிப் போகுது?"

"மூடி எங்க ஒழுங்கா உக்காருது? காத்துக்குழாய் வேற 'ஆ'ன்னு வாயைத் தொறந்துக்கிட்டு..."

சொல்லவந்ததை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

கடையில் மிஞ்சிய வலைத்துணியில் எலாஸ்டிக் வைத்துக் குழாய் வாய்க்கு உறை தைத்தாள் அவள். மூடிகளின் விளிம்பில் அவர் ரப்பர் ஒட்டினார்.

"அண்ணே, உங்க பொழப்புல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்களே!" என்றான் அடுக்குமாடிக் காவலாளி ஒருவன்.

"வண்டல் சேராமயா போயிடும்? அதுக்குக் கூப்பிடு, வர்றேன்."

கூப்பிட்டார்கள், சில மாதங்கள் கழித்து. மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒண்ணுமே இல்லம்மா."

"என்ன இல்ல?"

"புழு."

"இல்லாததைச் சொல்லவா போன்? மெஷின் ஓடிட்டிருக்கு, வைங்க."

வைத்தார். தடை ஏதுமின்றி வெளிச்சம் தொட்டியின் அடிவரை இறங்கிக் கிடந்தது. வாளியை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.