இரண்டு பாக்கெட் கல் உப்பு

பூர்ணிமா எங்கள் லேபில் சேர்ந்த முதல் நாளே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "கடல் படிப்பு படிச்சிட்டு ஆம்பூர்ல இன்னாம்மா பண்ற?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார்கள். "வேற வேலை கெடைக்கிற வரைக்கும்தான்க்கா" என்றாள். அப்படிச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது.

எங்கள் லேப், தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்துக்குள் இருக்கிறது. தண்ணீரில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. நான் பதினாறு வருஷமாக எழுதுகிறேன். இந்த நாற்றம் என் மூக்குக்குத் தெரிவது நின்று ரொம்ப நாளாகிறது. பூர்ணிமாவுக்கு இன்னும் தெரிந்தது, பாவம்.

கடல் உயிர்களைக் காப்பாற்றுகிற திட்டம் ஏதாவது ஒன்றில் நுழைந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் கடற்கரையில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? நானாக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். அவள் கேட்காமல், சென்னைக்குத் தெற்கே செத்து ஒதுங்கும் ஆமைகளைப் பதிவு செய்கிற ஒரு சிறிய குழுவில் சம்பளமில்லாமல் சேர்ந்துகொண்டாள். அதை நடத்துகிறவர் ஹேமலதா என்ற விஞ்ஞானி. வாரத்தில் ஆறு நாள் எங்களோடு, ஏழாவது நாள் விடியற்கால ரயிலேறி ஆமைகளோடு. திங்கட்கிழமை காலை அவள் கண்ணைப் பார்த்தால் எனக்கே தூக்கம் வரும்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒருநாள் ஒரு தொழிற்சாலை ஆள் வந்து, "உப்பு ரொம்ப ஜாஸ்தி காட்டுது, கொஞ்சம் கம்மி பண்ணி எழுதும்மா" என்று குழைந்தான். அவள் அவன் கண் முன்னாலேயே மூன்று தடவை பார்த்து, மூன்று தடவையும் வந்த அதே எண்ணை எழுதிக் கையில் கொடுத்தாள். இவளுக்குப் பிழைக்கத் தெரியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்தப் பிப்ரவரியில் மண்டபம் பக்கம் கடற்புல் ஆராய்ச்சியில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வருஷக் கள அனுபவம், அதற்குப் பொறுப்பாளரின் கடிதம், இரண்டும் கட்டாயம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமைக்குள் எழுதி அனுப்புவதாக ஹேமலதா சொல்லியிருந்தார். அவள் தூங்காத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு கடிதத்துக்குத்தான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா டெல்லியில் இருந்தார். புதிதாகச் செத்த ஆமை ஒன்று ஒதுங்கியிருந்தது. கால்நடை டாக்டர் வந்து அறுத்து, ஈரலில் சில துண்டுகளைப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து பூர்ணிமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சென்னை லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவழியில் பஸ் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் சித்திரை வெயிலுக்குக் குறையாத வெயில். பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர். அக்கம்பக்கம் ஒரே ஒரு மளிகைக் கடை, அங்கே ஐஸ் இல்லை.

அவள் அப்பா நந்தகோபாலுக்குத் தோல் மண்டியில் வேலை. ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் உப்பை அள்ளித் தேய்த்து அடுக்குவார். தேய்க்கத் தாமதித்தால் தோல் அழுகிவிடும். முப்பது வருஷமாகச் செய்கிறார். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் பூர்ணிமா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். கடைக்காரரிடம் இரண்டு பாக்கெட் கல் உப்பு வாங்கி, ஈரல் துண்டுகளைச் சுற்றி அமுக்கி வைத்தாள். நன்றாக யோசித்தோம் என்று சந்தோஷம்கூடப் பட்டாளாம்.

சென்னை லேபில் விளக்கு வெளிச்சத்தில் ஈரல்மேல் உப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த ஈரலில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் எடுத்திருந்தார்கள். கல் உப்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று தினமும் உப்பைச் சோதிக்கிற இவளுக்குத் தெரியாதா? கழுவினாலும் போகாது என்றும் தெரியும். ஆனாலும் கழுவினாள். புதுப் பையில் போட்டாள். பையில் ஒட்டுகிற சீட்டில், எதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்ற இடத்தில் 'ஐஸ்' என்று எழுதி, ஃபிரீசருக்குள் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாள்.

புதன்கிழமை கடிதம் வந்தது. எங்கள் பிரிண்டரில்தான் எடுத்தாள். 'மாதிரிகளை மிகுந்த கவனத்தோடும் நேர்மையோடும் கையாள்பவர்' என்று இருந்தது. படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

"வாய மூடிட்டு அனுப்பிடு" என்றேன். "ஒரு ஆமையோட ஈரல். யாருக்குத் தெரியப்போவுது?"

"தப்பான நம்பர் ரிப்போர்ட்ல ஏறிடும்க்கா."

"ஏறட்டுமே! உலகத்துல எத்தனையோ தப்பு நம்பர் ஏறுது."

மறுநாள் சாப்பாட்டு வேளையில், நான் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஹேமலதாவுக்குப் போன் போட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. போனைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

உப்பு போட்டதையும், சீட்டில் ஐஸ் என்று எழுதியதையும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு ஹேமலதாவின் குரல் எனக்கும் கேட்டது. "உப்பு போட்டதுகூடப் பரவால்ல பூர்ணிமா. ஐஸ்னு எழுதினியே. அந்த லெட்டரை அனுப்பாத. இப்ப நான் அப்படி எழுத முடியாது."

"சரிங்க மேடம்."

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"வர்றேன் மேடம்."

அன்று சாயங்காலம் அவளை ஸ்கூட்டரில் வீட்டில் விட்டேன். என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள், தூங்கிவிட்டாளோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். நந்தகோபால் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு.

"இன்னாம்மா, லெட்டர் அனுப்பிட்டியா?" என்றார்.

"இல்லப்பா. அந்த வேலை இல்ல. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா தப்பு?"

"ஆமை ஈரலுக்கு உப்பு போட்டுட்டேன்."

அவர் குழாயை நிறுத்தினார். மண்டியில் முப்பது வருஷமாக அவர் திட்டு வாங்கியிருப்பதெல்லாம் ஒரே ஒரு தப்புக்குத்தான். இப்போதும் அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மகளும் தன்னைப்போல் திட்டு வாங்கிவிட்டாளே என்று அவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன்.

"கம்மியா போட்டுட்டியா?" என்றார்.

பூர்ணிமா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லப்பா" என்றாள். "நீ போடுற மாதிரியே போட்டேன்."